சுண்டிக்குளத்துப் பறவைகளும் கரையோர மக்களும்

பறவை பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் எம்மவரிற் பலர் சிரிப்பார்கள். வேலையற்றவர் செய்யும் வேலை, வெளிநாட்டவரின் பொழுதுபோக்கு என்பது பொதுவான எண்ணம். சில ஆண்டுகளுக்கு முன்னர் நாமும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு தை மாதத்துக் காலைப்பொழுது.

எமது பணித்தளத்து இளைஞர்கள் இருபது பேரளவில் ஒரு சிறிய பஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு சுண்டிக்குளத்துக்குப் போயிருந்தோம். விடிந்து சிறிது நேரந்தான் ஆகியிருந்தது. முழங்கால் அளவு நீரில், நெடுந்தூரத்துக்குப் பூநாரைகள் நின்றன. இளைஞர்களுக்குப் பெரும் உற்சாகம். அவை பறப்பதைப் படம் பிடிக்கவேண்டும் என்று சிலர் நீருக்குள் ஓடிக் கைதட்டிக் கூச்சலிட்டார்கள். வெள்ளையாக நின்ற கூட்டம் ஒருங்கே எழும்பியது. சிறகுகளின் உள்ளே இருந்த செந்நிறமும் கருநிறமும் வானத்தில் விரிந்தன. நாமும் மெய்மறந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

அருகே களங்கண்டி வலையைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்த ஒரு முதியவர் எம்மைக் கண்டு நின்றார். “அதுகள் சாப்பிடுற நேரத்திலை கலைச்சுப்போட்டியள், சுவாமி. சாப்பாட்டுக் கோப்பையோடை எங்களை எழுப்பி ஓடவிட்ட நாளுகளை நாங்கள் மறந்திட்டமே?” என்று கேட்டார். அவர் கோபிக்கவில்லை. கேட்டுவிட்டுத் தம் பாட்டில் நடந்தார். திரும்பிவரும்போது பஸ்ஸுக்குள் பேச்சே இல்லை.

பல முறை இடம்பெயர்ந்த மக்களின் மண்ணில், இடம்பெயர்ந்து வரும் பறவைகளைப் பற்றி அறிந்துகொள்வது வீண்வேலை அல்ல என்பதை அன்று உணர்ந்தோம். அதற்குப் பின்னர் நாம் பார்த்தும், கேட்டும், படித்தும் அறிந்தவற்றை இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

இடமும் நீரும்

முதலில் ஒரு விளக்கம். யாழ்ப்பாண நகரிலுள்ள சுண்டிக்குளி வேறு, நாம் சொல்லும் சுண்டிக்குளம் வேறு. வடமராட்சி கிழக்கின் நீண்ட மணற்கரை வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு முதலிய கிராமங்களைக் கடந்து தெற்கே செல்கிறது. அதன் தென்முனைப் பகுதியிலே, ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் கடனீரேரியுமாக இருப்பதே சுண்டிக்குளம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியால் சுமார் 50 கிலோமீற்றர் சென்றால் ஆனையிறவு வரும். அங்கு வீதிக்கு மேற்கே தெரிவது யாழ்ப்பாணக் கடனீரேரி. கிழக்கே பரந்து கிடப்பது சுண்டிக்குளக் கடனீரேரி. பஸ்ஸிலே இவ்வழியாற் போகிறவர்கள் அனைவரும் இதைக் கண்டிருப்பார்கள். ஆனால் இறங்கி நின்று பார்த்தவர்கள் சிலரே.

இக்கடனீரேரியின் வாழ்க்கை முழுவதும் நீரின் வரவிலும் போக்கிலும் தங்கியிருக்கிறது. மாரிகாலத்தில் கனகராயன் ஆறும் நெத்தலி ஆறும் வன்னியின் மழைநீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. நீர்மட்டம் உயரும்போது கடலையும் ஏரியையும் பிரித்து நிற்கும் மணற்றிட்டு உடைத்துக்கொள்கிறது. ஏரி நீர் கடலுக்குப் பாய்கிறது, கடலிலிருந்து றாற்குஞ்சும் மீன்குஞ்சும் உள்ளே வருகின்றன. மழை ஓய்ந்தபின் அலை மணலைக் கொண்டுவந்து வாயை மீண்டும் மூடிவிடுகிறது. பங்குனி சித்திரைக்குப் பின்னர் வெயிலும், அதன்பின் சோளகக் காற்றும் நீரை வற்றச் செய்கின்றன. உவர் ஏறுகிறது. கோடையின் உச்சத்தில் பல இடங்கள் வெறும் உவர்த்தரவையாகிவிடும்.

ஒரே ஆண்டில் நன்னீர் கலந்த நீராகவும், கடல்நீராகவும், கடல்நீரிலும் கடிய உவராகவும் மாறுகின்ற இந்த இடத்தில் எல்லா உயிர்களும் வாழமுடியாது. ஆனால் வாழ வல்லவை பெருந்தொகையாகப் பெருகும். சேற்றுப்புழு, சிறு நத்தை, கண்ணுக்குத் தெரியாத பாசி, உவர்நீர்ச் சிற்றிறால் என்பன அத்தகையவை. பறவைகளுக்கு இதுவே சோறு.

ஏரியின் விளிம்பிலே கண்டலும் கண்ணாவும் தில்லையும் நிற்கின்றன. சற்று உயர்ந்த மணற்பாங்கான நிலத்திலே தாழையும் ஈச்சும் பனையும், அதற்கப்பால் பாலை, வீரை, காரை, சூரை அடர்ந்த வறள் பற்றைக்காடும் உள்ளன. இக்கரைக்காடு வெறும் பற்றை அன்று. மணலைப் பிடித்துவைத்திருப்பதும், மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதும், மீன்குஞ்சுக்கு ஒதுங்குமிடம் தருவதும் அதுவே. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையின் கிராமங்களைச் சிதைத்ததை நாம் அறிவோம். இலங்கைக் கரைகளைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், மணற்குன்றும் கரைத்தாவரமும் அழிக்கப்படாதிருந்த பல இடங்களிற் சேதம் குறைந்திருந்ததைக் குறிப்பிட்டுள்ளார்கள்.

வருகிறவர்கள் யார்?

ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றுத் தொடங்கும் காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் எமது கடனீரேரிகளுக்கு வந்து சேர்கின்றன. புரட்டாதியிலேயே முதற்கூட்டங்களைக் காணலாம். சித்திரைக்குள் பெரும்பாலானவை திரும்பிவிடும்.

இவை குளிருக்கு அஞ்சி வருகின்றன என்று பாடசாலையிற் படித்தோம். அது பாதி உண்மை. உண்மையில் அவை தேடி வருவது உணவை. சைபீரியாவிலும் வடதுருவத்தை அண்டிய சதுப்பு நிலங்களிலும் கோடைப்பகல் மிக நீண்டது. பூச்சி புழுக்களுக்குக் குறைவில்லை. குஞ்சு பொரித்து வளர்க்க அதைவிட நல்ல இடமில்லை. ஆனால் மாரி வந்ததும் நிலமும் நீரும் உறைந்துவிடுகின்றன. உறைந்த சேற்றுக்குள் அலகை விடமுடியாது. ஆகவே அவை தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. மத்திய ஆசியப் பறவைப்பாதை என்று அறிஞர்கள் அழைக்கும் இவ்வழி 30 நாடுகளைத் தொடுகின்றது. அதன் தெற்கு முனைகளில் ஒன்று இலங்கை. தமிழ்நாட்டின் கோடியக்கரையிலிருந்து எமது காங்கேசன்துறைக் கரை 50 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரமே. அக்கரையைக் கடந்து வரும் பறவைகளுக்குக் குடாநாடும் மன்னாரும் இலங்கையின் வாசற்படிகள்.

எமது கரைக்கு வரும் சின்ன உள்ளானின் எடை ஏறக்குறைய 30 கிராம். கையில் வைத்தால் பாரமே தெரியாது. அது வடதுருவக் கரையிலிருந்து இங்கு வந்து, மீண்டும் அங்கு செல்கின்றது. திரும்பும் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை அது இங்கேதான் சேர்த்துக்கொள்கிறது. இங்கு தின்பதே அதன் வழிச்செலவு. இதை விளங்கிக்கொண்டால், அந்த முதியவரின் கேள்வியும் விளங்கும். ஒரு முறை கலைக்கப்பட்ட கூட்டம் தின்னும் நேரத்தை இழப்பதோடு, சேர்த்த கொழுப்பையும் செலவழிக்கிறது. ஒரு நாளில் நாலைந்து தடவை கலைக்கப்பட்டால் அதன் கணக்கு நட்டத்தில் முடியும்.

வருகின்றவை மட்டுமன்றி, எம் நாட்டிலேயே நிலையாக வாழும் நீர்ப்பறவைகளும் இங்கு திரளுகின்றன. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நீர்க்காகம், கொக்கு வகைகள் ஆகியவற்றை இதற்கு உதாரணமாகக் கூறலாம்.

அலகைப் பார்த்தால் தொழில் தெரியும்

பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்துக் குழம்புவார்கள். நிறம் வயதுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். அலகைப் பாருங்கள். ஒரு தச்சன் வீட்டு ஆயுதங்களைப் பார்த்து அவன் செய்யும் வேலையை அறிவதுபோல, அலகைக் கொண்டு பறவையின் தொழிலை அறியலாம்.

கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே தொங்கும் பை ஓர் அத்தாங்கு. பல சேர்ந்து வரிசையாக நீந்தி மீனை வளைத்துக் கோரும். மஞ்சள் மூக்கு நாரை தன் அலகைச் சற்றுத் திறந்தபடி கலங்கல் நீருக்குள் வைத்துக்கொண்டு நடக்கும். மீன் அலகிற் பட்டதும் மூடிவிடும். கண்ணால் அன்று, தொட்டறிந்து பிடிக்கும் வித்தை இது. கரண்டிவாயன் பெயருக்கேற்ற அலகை நீரில் இடமும் வலமுமாக அரிவாள் வீசுவதுபோல் வீசிச் செல்லும். அரிவாள் மூக்கன் வளைந்த அலகாற் சேற்றைத் துழாவும். நெடுங்கால் உள்ளான் நீரின் மேற்பரப்பிலிருந்து பூச்சியைக் கொத்தும். நீர்க்காகம் மூழ்கிப் பிடித்துவிட்டுக் களங்கண்டித் தடியில் இருந்து சிறகை விரித்துக் காயவைக்கும். ஆலா மேலிருந்து குத்தெனப் பாயும். வடக்கிலிருந்து வரும் ஊசிவால் தாரா முதலியன ஆழங்குறைந்த நீரில் தலையைக் கவிழ்த்து, வாலை மேலே நீட்டிக்கொண்டு உணவு தேடும்.

பூநாரையின் அலகு எல்லாவற்றிலும் விசித்திரமானது. அது நடுவிலே முறிந்ததுபோல் வளைந்திருக்கும். தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, நாக்கினால் நீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் போன்ற அமைப்பு, அரிதட்டு மாவை அரிப்பதுபோல், பாசியையும் சிற்றிறாலையும் பிடித்துக்கொள்ளும். அந்த உணவிலுள்ள நிறப்பொருளே பூநாரையின் செந்நிறத்துக்குக் காரணம். குஞ்சு சாம்பல் நிறமாகவே பிறக்கிறது. பூநாரை இலங்கையிற் குஞ்சு பொரிப்பதில்லை. இந்தியாவில் அது பெருந்தொகையாகக் கூடுகட்டும் இடம் குஜராத்தின் கச்சு உவர்நிலமாகும்.

ஒரே நீரில் இத்தனை வகை நின்றும் அடிபிடி இல்லை. ஒவ்வொன்றும் தன் காலின் உயரத்துக்கேற்ற ஆழத்தில் நின்று, தன் அலகுக்கேற்றதை எடுக்கிறது. கரைவலைக்காரரும், களங்கண்டிக்காரரும், வீச்சுவலைக்காரரும் தத்தம் இடத்தில் நின்று தொழில் செய்வதை இதனோடு ஒப்பிட்டுக் காட்டினால் எமது பிள்ளைகளுக்கு இலகுவில் விளங்குகிறது.

பற்றைக்காட்டுப் பக்கமும் கண்ணைத் திருப்பவேண்டும். கவுதாரியையும் இரட்டைவால் கரிக்குருவியையும் நாம் நாளும் கண்டு பழகிவிட்டதால் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் இலங்கையில் இவை வடக்கு, வடமேற்குப் பகுதிகளின் வறண்ட நிலங்களையே பெரும்பாலும் தமது இடமாகக் கொண்டவை. தெற்கிலிருந்து பறவை ஆர்வலர்கள் அவற்றைக் காண்பதற்கென்றே இங்கு வருகிறார்கள்.

பார்க்கும் முறை

பெரிய செலவு இல்லை. எட்டு மடங்கு பெருப்பித்துக் காட்டும் தொலைநோக்கி ஒன்று ஒரு குழுவுக்குப் போதும். கொப்பியும் பென்சிலும் வேண்டும். நாம் அனுபவத்திற் கண்ட சில ஒழுங்குகள் வருமாறு:

1. விடியற்காலை ஆறு மணி தொடக்கம் ஒன்பது மணிவரை சிறந்த நேரம். மாலை நான்கு மணிக்குப் பின்னரும் நன்று. சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கும்படி நில்லுங்கள். எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும்.

2. பருமனை அறிந்த பறவையோடு ஒப்பிடுங்கள். அடைக்கலாங்குருவி அளவா, மைனா அளவா, காகத்தளவா, அதிலும் பெரிதா என்று முதலில் எழுதுங்கள். பின்னர் அலகு, கால், நடை, பறக்கும் விதம், நின்ற இடம் என்பவற்றைக் குறியுங்கள். பெயர் பிறகு வரும்.

3. மங்கலான நிற உடுப்பு அணியுங்கள். பேச்சைக் குறையுங்கள். பறவை தின்பதை விட்டுத் தலையை உயர்த்தினால் நீங்கள் அளவுக்கு மிஞ்சிக் கிட்டப் போய்விட்டீர்கள் என்பது பொருள். அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள்.

4. கூட்டத்தை எண்ணும்போது பத்துப் பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று மனத்திற் பதித்துக்கொண்டு, அந்த அளவால் மீதியை அளவுங்கள்.

5. இது தேசியப் பூங்கா என்பதால் உட்செல்வதற்கு வேண்டிய அனுமதியை முன்கூட்டியே வனசீவராசிகள் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஊரவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். பழகிய பாதையை விட்டு விலகவேண்டாம். ஆனையிறவு, முகமாலைப் பகுதிகளிலே போர் முடிந்து பல ஆண்டுகள் கண்ணிவெடி அகற்றும் பணி நடந்தது. அறியாத இரும்புப் பொருள் எதையும் தொடவேண்டாம்.

ஆண்டுதோறும் தை மாதத்தில் ஆசிய நாடுகள் பலவற்றில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. 1987 இல் தொடங்கிய இப்பணியிற் பெரும்பாலும் ஊதியம் பெறாத ஆர்வலர்களே ஈடுபடுகிறார்கள். எமது பாடசாலை மாணவர்களும் இதைப் பழகலாம். பத்து ஆண்டு தொடர்ந்து ஒரே இடத்தில், ஒரே மாதத்தில் எண்ணி எழுதிய ஒரு கொப்பி பெரிய சாட்சி. நீர் மாறினாலும், கண்டல் அழிந்தாலும் அந்தக் கொப்பி சொல்லிவிடும்.

எல்லைக் கல்லும் வலைக்காரரும்

இனி, கடினமான பக்கத்துக்கு வருவோம். பறவைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை எழுதுவதில்லை.

சுண்டிக்குளம் 1938 பெப்ரவரி 25 ஆம் நாள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அப்போது அதன் பரப்பு 11,149 ஹெக்டேயர். எமது சட்டப்படி சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், மக்கள் குடியிருக்கலாம். போருக்குப் பின்னர், 2015 யூன் மாதத்தில், இது தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. பரப்பும் 19,565 ஹெக்டேயராகக் கூடியது. தேசியப் பூங்கா என்பது வேறு நிலை. அனுமதி பெற்றுப் பார்வையிடுவதற்கு மட்டுமே அங்கு உட்செல்லலாம். மீன்பிடி, விறகு, மேய்ச்சல் என்று பரம்பரையாகச் செய்துவந்தவை சட்டத்தின் கண்ணிற் குற்றமாகிவிடுகின்றன.

இப்போது அக்கரையிலுள்ள ஒரு குடும்பத்தின் நிலையை எண்ணிப்பாருங்கள். பலமுறை இடம்பெயர்ந்தது. ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்தது. 2009 க்குப் பின் திரும்பி வந்து கிணற்றைத் துப்புரவாக்கி, கொட்டில் போட்டு, வலை வாங்கியது. அதன்பின் ஒருநாள் தமது காணிக்கு அருகே எல்லைக் கல்லைக் காண்கிறது. “எங்களுக்கு உறுதியும் இல்லை, ஒருத்தரும் வந்து கேக்கவும் இல்லை. சங்குக்கும் றாலுக்கும் போற பாதையிலை இப்ப கல்லு நிக்குது” என்று ஒரு தாய் எம்மிடம் கூறினார். உறுதிகள் பல போரிலே தொலைந்தன. கிராம அலுவலரின் பதிவேடுகளும் பல இடங்களில் அழிந்தன. மக்களின் முறைப்பாடு பொய் அன்று.

ஆனால் மறுபக்கமும் பொய் அன்று. காவல் இல்லாத இடத்தில் கள்ள மணல் ஏற்றுகிறார்கள். கண்டலை வெட்டுகிறார்கள். இரவில் வலைகட்டித் தாராவையும் சிறகியையும் பிடித்து விற்கிறவர்களும் உள்ளார்கள். இவர்களிற் பலர் அவ்வூரவர் அல்லர். மணல் போனால் நன்னீர்க் கிணறு உவராகும். கண்டல் போனால் றால் குறையும். நட்டப்படுவது அதே வலைக்காரரே.

ஆகவே பறவையா, மனிதனா என்று கேட்பது பிழையான கேள்வி என்றே நாம் எண்ணுகிறோம். இருவருக்கும் சோறு போடுவது ஒரே நீர். இதற்குத் தெற்கிலே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அம்பாந்தோட்டைப் பகுதியிலுள்ள பூந்தலை, 1990 இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் இலங்கையிலிருந்து பதிவான முதலாவது ஈரநிலம். பூநாரைகளுக்குப் பேர்போனது. கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வயல்களிலிருந்து வடிந்த நன்னீர் அங்குள்ள எம்பிலிகல, மலல ஆகிய களப்புகளுக்குட் சென்று சேர்ந்தது. உவர் குறைந்தது. உவர்நீரில் விளையும் சிற்றுயிர்கள் குறைந்தன. பூநாரைகள் வரவைக் குறைத்துக்கொண்டன. அதோடு களப்பின் றால் தொழிலும் வீழ்ந்தது. பூநாரை போனதும் றால் போனதும் ஒரே காரணத்தால். பறவையை ஒரு நீர்மானி என்று கொண்டால், அது முன்கூட்டியே காட்டிவிட்டது.

இது எமக்கு ஏன் முக்கியம்? குடாநாட்டின் குடிநீர்த் தட்டுப்பாட்டுக்குத் தீர்வாக, ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீரேரியாக்கி, அந்நீரை வாய்க்கால் மூலம் வடமராட்சிக்குக் கொண்டுசெல்லும் திட்டம் ஒன்றை நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954 இல் முன்வைத்தார். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று மக்கள் அதை அறிவார்கள். வேலைகள் தொடங்கி, முற்றுப்பெறாமல் நின்றன. அத்திட்டத்தை மீண்டும் எடுக்கவேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகின்றது. எமது கிணறுகளின் நிலையைப் பார்க்கும்போது அக்குரலில் நியாயம் உண்டு. தாகத்துக்குத் தண்ணீர் கேட்பவனைப் பறவையைக் காட்டித் தடுக்க நாம் துணியமாட்டோம். ஆனால் உவர் நன்னீராக மாறினால் எந்த மீன் போகும், எந்த மீன் வரும், றாலை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு என்ன வழி, பறவைகள் எங்கு செல்லும் என்பதைத் தொடங்குமுன் கணக்கிடவேண்டும். அந்தக் கணக்குப் பார்க்கும் மேசையில் வலைக்காரருக்கும் ஒரு கதிரை வேண்டும்.

மக்கள் காத்த பறவைகள்

எல்லைக் கல்லும் காவலாளரும் மட்டுமே பறவையைக் காத்ததாக வரலாறு இல்லை. தமிழ்நாட்டில் செங்கல்பட்டுப் பக்கத்திலுள்ள வேடந்தாங்கல் ஏரியிற் பறவைகளின் எச்சம் விழுந்து நீர் உரமாகிறது. அந்நீர் பாயும் வயல் நன்றாக விளைகிறது. இதை அறிந்த ஊரவர்கள் பறவைகளைச் சுடவந்தவர்களை எதிர்த்தார்கள். 1798 இல் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேசிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள். 1858 இல் அது புதுப்பிக்கப்பட்டது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டு வளவு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அவை கலையாதிருக்க மக்கள் பட்டாசு கொளுத்துவதைத் தவிர்த்துவருகிறார்கள். அரசாங்கம் 1994 இல் அதனைச் சரணாலயமாக்கியது. மக்களின் காவல் அதற்கு நெடுங்காலம் முந்தியது.

இவ்விரு ஊர்களிலும் பறவைக்கும் மக்களுக்கும் இடையே ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. சுண்டிக்குளத்திலும் அது உண்டு. அதை ஏட்டிலும் ஏற்கவேண்டும் என்பதே எமது வேண்டுகோள். அதற்கு ஆகக்கூடிய சிலவற்றைக் குறிப்பிடுகிறோம்.

எல்லையைக் காகிதத்தில் மட்டும் கீறாமல், பிரதேச செயலகமும் திணைக்களமும் கடற்றொழிலாளர் சங்கங்களும் சேர்ந்து நடந்து பார்த்து உறுதிசெய்யவேண்டும். குடியிருப்பும் பரம்பரைத் தொழிலிடமும் பூங்காவுக்கு வெளியே விடப்படவேண்டும், அல்லது அங்கு தொழில் செய்யும் உரிமை எழுத்தில் வழங்கப்படவேண்டும். பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டும் வேலை அக்கரை இளைஞர்களுக்கே கிடைக்கவேண்டும். எந்த மாதம் எந்த மூலையில் எது நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. சங்கங்கள் தாமாகவே, பறவைகள் அடையும் சில மூலைகளைக் கார்த்திகை முதல் பங்குனி வரை வலைபோடாத இடமாக ஒதுக்கலாம். ஒவ்வொரு பாடசாலையும் ஒரு பறவைக் கொப்பி தொடங்கலாம்.

கடைசியாகச் சொன்ன வேலையை நாம் தொடங்கிவிட்டோம். அடுத்த ஆண்டு தையில் அதே இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு மீண்டும் அங்கு சென்றோம். இம்முறை நீருக்குள் ஒருவரும் இறங்கவில்லை. தாழம்பற்றைக்குப் பின்னால் மணலில் அமர்ந்து, தொலைநோக்கியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். முதல் ஆண்டு கைதட்டிக்கொண்டு ஓடியவர்களில் ஒருவரே எண்ணிச் சொன்னார், மற்றொருவர் எழுதினார். பூநாரைகள் தலையைக் கவிழ்த்தபடி தின்றுகொண்டே இருந்தன.

அந்த முதியவரும் வந்தார். சற்று நேரம் எம்மோடு நின்று பார்த்தார். “இப்ப சரி” என்றார். பின்னர், தம்முடைய களங்கண்டி நிற்கும் பக்கத்தைக் கையாற் காட்டி, “அந்தக் கல்லையும் ஒருக்கால் எழுதுங்கோ, சுவாமி” என்றார்.

எழுதியிருக்கிறோம்.